அண்ணன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்

ஜெரார்டைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் இப்போது யாரும் பேசுவதில்லை. பேச வேண்டி வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், என்னவோ செத்துப்போனவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி. மனிதர் செங்காங்கில் தன் வீட்டில் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறார். இப்படிக் குரலைத் தாழ்த்துகிற மரியாதையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டதே அந்த மரியாதைதான் என்பது என் கட்சி. அதனால் அவர் கதையை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

என் பெயர் மேனுகா. நான் கணினி நிரல் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்கிற டெஸ்டர். குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறேன் என்று என் கணவர் சொல்வார். எங்கள் கம்பெனி டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே சாப்பாட்டுக் கடை. மதியம் நெருங்கினால் மீன் குழம்பு வாசம் படியேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வீட்டுக்கே மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற தொண்டு அமைப்புகள் சில இருக்கின்றன. அவர்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்து தருகிறோம். இன்று யாருக்குச் சாப்பாடு, எந்த அடுக்குமாடி புளோக், எந்த மாடி, யாருக்கு உப்பு குறைவாக, யாருக்கு ஹலால் என்பதெல்லாம் சாப்பாடு எடுத்துப்போகிறவரின் போனில் வரும். அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

அந்த மென்பொருளில் பாதிக்கு மேல் எழுதியவர் ஜெரார்ட். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டையை எப்போதும் உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அல்போன்சம்மாளுக்கு நினைவு தப்பிப்போன பிறகு கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். அந்த அம்மா போனபின் வீட்டில் அவர் மட்டும்தான். தங்கை மிரண்டா பெர்த்தில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போவார். அங்கே பத்துப் பேர் "எப்படி இருக்கீங்க ஜெரார்ட்" என்று கேட்பார்கள், பதில் வருவதற்குள் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். இதை அவர்தான் என்னிடம் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை சொல்கிற தோரணையில் சொன்னார்.

கோவிட்டுக்குப் பிறகு எங்கள் குழுவில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள். டெஸ்ட் போன்கள் அலுவலக அலமாரியில் இருப்பதால் நான் உட்லண்ட்ஸிலிருந்து வந்தாக வேண்டும். ஜெரார்டுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் தினமும் வருவார். ஏன் என்று கேட்டால், "வீட்டுல ஏர்கான் சரியில்லை" என்பார். இரண்டு வருடமாகவா ஒரு ஏர்கான் சரியில்லாமல் இருக்கும். நான் அதற்கு மேல் துருவவில்லை. பெரிய அறை, வரிசையாகக் காலி மேசைகள், ஒரு மூலையில் அவர், மறு மூலையில் நான்.

இனி ரிவியூ என்ற சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய நிரல் நேரே வேலைக்குப் போய்விடாது. இன்னொருவர் அதை வரி வரியாகப் படித்து, சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேள்வி எழுதி, திருப்தியானால் 'சரி' போட வேண்டும். அதன் பிறகுதான் அது உள்ளே சேரும். மருந்துக்கடையில் ஒருவர் மாத்திரையை எடுத்து வைக்க, இன்னொருவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்பது போல. யார் எழுதினாலும் இந்த விதிதான். விதி என்னவோ எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது.

ஜெரார்ட் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போவார். ஒரு வரியில் நின்றால் நின்றதுதான். கேள்வியும் பதமாகக் கேட்பார். ஆளைக் குத்த மாட்டார். "இங்கே எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் விளக்க முடியுமா" என்றுதான் எழுதுவார். ஆனால் அவருக்கு விளக்கம் மட்டும் வந்ததே இல்லை.

ரித்திக் என்று ஒருவன், கோயம்புத்தூர்க்காரன், எங்கள் குழுவில் கெட்டிக்காரன். ஒரு நாள் அவன் எழுதியதில் ஜெரார்ட், "இதை ஏன் இரண்டு தடவை சரிபார்க்கிறோம்?" என்று கேட்டிருந்தார். சாப்பாடு எடுத்துப்போகிறவர் லிஃப்டுக்குள் இருக்கும்போது போனில் சிக்னல் போய்விட்டால் முதல் தடவை அனுப்பியது பாதியில் நின்றுவிடும், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் இரண்டாவது தடவை. நல்ல யோசனை. ரித்திக் என்னிடம் போனில் அதை விலாவாரியாகச் சொல்லியும் இருந்தான். ஜெரார்டுக்கு மட்டும் சொல்லவில்லை. "சரிங்கண்ணா, எடுத்துட்டேன்" என்று எழுதிவிட்டு அந்த வரிகளையே அழித்துவிட்டான்.

ஜெரார்ட் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நான் எடுக்கச் சொல்லலையே மேனுகா. ஏன்னுதானே கேட்டேன்."

"நீங்க கேட்டா அவங்களுக்கு அது ஆர்டர்," என்றேன்.

"என்னைப் பார்த்தா பயப்பட வேண்டிய ஆளு மாதிரியா இருக்கு?"

"பயம் இல்லை. மரியாதை."

"ரெண்டும் ஒண்ணுதான் லா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அவர் எழுதியதற்கு நடப்பது இதைவிட மோசம். ரிவியூவுக்கு அனுப்பிவிட்டு கோப்பி கலக்கப் போவார். கலக்கித் திரும்புவதற்குள் 'சரி' வந்திருக்கும், கூடவே ஒரு கட்டைவிரல் படம். "சூப்பருங்கண்ணா." எத்தனை நீளமாக இருந்தாலும் இதேதான். கண்ணை இமைக்கிற நேரத்தில் நானூறு வரி யாரால் படிக்க முடியும்? குழுத் தலைவர் இம்ரானிடம் ஒரு தடவை நானே கேட்டேன். இம்ரான் நல்ல மனிதர், யார் மனதும் நோகக் கூடாது என்று பார்க்கிறவர். "அண்ணன் எழுதினா சரியாத்தான் இருக்கும் மேனுகா. நாம அதைப் போய் நோண்டினா நல்லாவா இருக்கும்?" என்றார். நன்றாகத்தான் இருந்திருக்கும். அதை அப்போது யார் கேட்டார்கள்?

ஜெரார்ட் முன்பு வேலை பார்த்த இடத்தில் சுந்தரம் என்று ஒருவர் இருந்தாராம். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி வம்புக்கு நிற்பாராம். "உனக்கு யாருப்பா வேலை கொடுத்தது" என்றுகூடக் கேட்பாராம். மத்தியானம் சாப்பிடப் போகிற வழியெல்லாம் அதே சண்டை. இதைச் சொல்லும்போது ஜெரார்டின் முகம் மலர்ந்துவிடும். சாயங்காலம் நாங்கள் இருவரும் லிட்டில் இந்தியா ஸ்டேஷன் வரை ஒன்றாக நடப்போம். நான் டோபி காட் போய் ரயில் மாற வேண்டும், அவருக்கு எதிர்த் திசை. பேச்சை முடிக்க மனமில்லாமல் பிளாட்பாரத்தில் நின்று ஒரு ரயிலை விட்டுவிடுவார். எனக்கோ மகளுக்குச் சமைக்க வேண்டும், ஒரு கண் எப்போதும் ரயில் வருகிற பலகை மேலேயே இருக்கும்.

போன ஜூன் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் மலாக்கா போயிருந்தோம். ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்தால் ஜெரார்டின் நாற்காலி காலி. மேசை மேல் குவளையில் கோப்பி காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் குவளையைக் கழுவாமல் போகிற ஆள் இல்லை. இம்ரானுக்கு போன் போட்டேன்.

"ஜெரார்ட் எங்கே?"

"ஆபீஸ்ல இருப்பார்னு நினைச்சேன்."

"ஆபீஸ்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

"அப்ப வீட்டுலேருந்து செய்றாரா இருக்கும்."

மெசேஜுக்கு பதில் வந்ததா என்று கேட்டேன். மெசேஜ் யாரும் அனுப்பவில்லை. அண்ணனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். ஒரு மனிதர் நாள்கணக்கில் கண்ணில் படவில்லை, ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. அவர் போன் அணைந்திருந்தது. சாயங்காலம் நேரே செங்காங்குக்குப் போனேன். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தபின் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். டெங்கிக் காய்ச்சல். லிஃப்ட் பக்கம் மயங்கிக் கிடந்தவரைப் பார்த்து அவள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். போன் வீட்டுக்குள்ளேயே கிடந்து உயிரை விட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் கடைசியா எழுதின அந்தக் கோட் வெளியே போயிடுச்சா?"

காய்ச்சல் தலைக்கேறிப் பேசுகிறார் என்று நினைத்தேன். "எல்லாம் போச்சு, நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதே திங்கட்கிழமைதான் புகாரும் வந்தது. எங்கள் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. டாக்டரைப் பார்க்கப் போகிறேன், இன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு மட்டும் நிறுத்தலாம். மறுநாள் தானாகத் திரும்பத் தொடங்க வேண்டும். நான் மலாக்கா போயிருந்த வாரத்தில், என் சோதனை இல்லாமலே புதிதாகப் போன நிரலில் அது திரும்பத் தொடங்கவில்லை. ஒரு நாள் வேண்டாம் என்றவர்களுக்கு அதன் பிறகு சாப்பாடே போகவில்லை. பெரும்பாலானவர்கள் போன் செய்து சத்தம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். தோ பாயோவில் ஒரு சீன மூதாட்டி மட்டும் போன் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன தொண்டூழியர் தற்செயலாக எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா அத்தனை நாளும் மைலோ பானமும் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டுமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஒரு நாள் வேண்டாம் என்றேன், அதில் கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. திரும்பக் கேட்டால் தொந்தரவு என்று விட்டுவிட்டேன்" என்றாராம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரித்திக் உடனே உட்கார்ந்து சரிசெய்துவிட்டான். ஒரே ஒரு வரி. படித்தால் யார் கண்ணிலும் படக்கூடிய வரி. எழுதியவர் ஜெரார்ட். 'சரி' போட்டவன் ரித்திக்.

ஜெரார்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடம்பு தேறியபின் இம்ரான் கூட்டம் போட்டார். வழக்கம் போல எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து திரையில். ஜெரார்ட் மட்டும் அலுவலகத்துக்கு வந்திருந்தார், பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். நானும் இருந்தேன். அதனால் அவர் முகத்தை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"அண்ணனுக்கு அப்பவே காய்ச்சல் ஆரம்பிச்சிருக்கும். அதுல நடந்த தப்பு. அப்படியே எழுதி அனுப்பிடலாம்," என்றார் இம்ரான். "ஆனா ரெண்டாவது ஆள் எப்படி விட்டாருன்னு அந்தத் தொண்டு அமைப்புக்காரங்க கேக்கறாங்க. அதுக்கு ஒரு பதில் வேணும்."

ரித்திக் தலையைக் குனிந்திருந்தான். "நான்தான் அப்ரூவ் பண்ணேன். சரியா பார்க்கலை. என் தப்புதான், என் பேரையே போட்டுருங்க."

வெளிநாட்டுக்காரனான அவன் இங்கே வேலை செய்வதற்கான அனுமதி பாஸை அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அறிக்கையில் பெயர் ஏறினால் முதலாளி கையெழுத்துப் போட யோசிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜெரார்ட் மைக்கைத் திறந்தார்.

"காய்ச்சல்ல வந்த தப்பு இல்லை. ரித்திக் தப்பும் இல்லை. அந்த வரியை நான் தெரிஞ்சேதான் அப்படி எழுதினேன்."

"என்னண்ணே சொல்றீங்க," என்றார் இம்ரான்.

"ஒரு வருஷமா செய்றேன். சின்னச் சின்னதா ஏதாவது ஒரு தப்பு வைப்பேன். படிச்சா பிடிச்சிடலாம். யாரும் பிடிக்கலைன்னா மறுநாள் காலையில, மேனுகா டெஸ்ட் பண்றதுக்குள்ள, நானே இன்னொரு மாத்தம் அனுப்பி அதை எடுத்துடுவேன். அதுக்கும் உடனே சரி வந்துடும். இந்தத் தடவை மறுநாள் காலையில என்னால எழுந்திருக்க முடியலை."

திரையில் எல்லாச் சின்னச் சதுரங்களும் அசையாமல் இருந்தன. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அப்போதுகூட ஒருவர் கேட்கவில்லை. பெரியவரைக் கேள்வி கேட்டால் மரியாதை இல்லையே. நான்தான் கேட்டேன், மைக் இல்லாமல், மறு மூலையிலிருந்து.

"எதுக்கு ஜெரார்ட்?"

"யாராவது 'என்ன இது, தூங்கிட்டே எழுதினீங்களா'ன்னு கேப்பாங்கன்னு பார்த்தேன்," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மைக் திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. துணை வேண்டுமென்றால் நாலு பேரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், அதற்கு வயதானவர்களின் சாப்பாட்டில் போய்க் கண்ணி வைப்பதா? அன்றைக்கு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அப்படியே முகத்துக்கு நேராகக் கேட்டேன். பஃபலோ ரோட்டில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நின்று திட்டினேன்.

"'என் கோட் எல்லாம் ஒழுங்கா படிங்க'ன்னு நீங்க மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படிச்சிருப்பாங்க இல்லையா?"

"சொன்னா படிப்பாங்க. சொன்னதுக்காகப் படிப்பாங்க," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அந்தத் தோ பாயோ அம்மா பேரு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."

"போய் மன்னிப்புக் கேக்கலாம்னு."

"முடியாது ஜெரார்ட்."

"என்னை மாதிரியேதான் அவங்களும் இருந்திருக்காங்க. கேக்காம," என்றார். ஸ்டேஷனுக்குள் இறங்கினோம். அவருடைய ரயில் முதலில் வந்தது. அன்றைக்கு அதை விடாமல் ஏறிப் போய்விட்டார். எனக்கு என் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர்மேல் பாதி, அந்தச் சதுரங்களில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் பாதி என்று பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கம்பெனி அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. தானாக விலகிக்கொள்ளச் சொன்னது. அவரும் எழுதிக்கொடுத்துவிட்டார். அன்று மாலையே கம்பெனிக் கணினியில் அவர் கணக்கை மூடினார்கள். திரையில் பிரிவு உபசாரம் நடந்தது. ஆளாளுக்கு "அண்ணன் இல்லாம கஷ்டம்" என்றார்கள். அவர் எழுதிய ஒரு பகுதியைச் சொல்லி, இது பிடித்தது, இது பிடிக்கவில்லை என்று சொல்ல அங்கே ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. படித்திருந்தால்தானே.

பிறகு இம்ரான் புது விதிகள் கொண்டுவந்தார். ஒரே மூச்சில் மலை மாதிரி அனுப்பக் கூடாது, ஒரு ஆள் உட்கார்ந்து படித்து முடிக்கிற அளவில் பிரித்து அனுப்ப வேண்டும். 'சரி' போடுகிறவர் அந்த மாற்றம் என்ன செய்கிறது என்று தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும், கட்டைவிரல் செல்லாது. கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும், பதில் சொல்லாமல் வரியை அழிப்பது குற்றம். எழுதியவர் எத்தனை வருட அனுபவக்காரராக இருந்தாலும் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவராவது படிக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ரிவியூவில் யாரும் யாரையும் அண்ணன், அக்கா என்று எழுதக் கூடாது என்று நானும் ஒன்று சொன்னேன். அதை மட்டும் சேர்க்கவில்லை. வேலையைவிட்டுப் போன ஆளோடு கம்பெனி நிரலைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று மனிதவளப் பிரிவான எச்ஆர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது.

ரித்திக்குக்கு பாஸ் புதுப்பித்தாயிற்று. ஜெரார்டின் பகுதி முழுவதும் அவன் தலையில் வந்து விழுந்தது. அவன் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தான். ஒரு நாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பழைய மாற்றங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் கேள்வி எழுதிக்கொண்டிருந்தான். 'அண்ணா, இங்கே விடுமுறை நாளை ஏன் தனியாக எண்ணினீர்கள்?' 'இது அழகாக இருக்கிறது, எங்கே கற்றீர்கள்?' 'இந்த இடத்தில் நீங்கள் சொதப்பிவிட்டீர்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.' கேள்விக்கு மேலே ஜெரார்டின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. மூடிய கணக்குக்கு அந்த நிறம்தான்.

"அவருக்கு இது போகாது ரித்திக்."

"தெரியுங்க்கா."

"பிறகு எதுக்கு எழுதுற?"

"எழுதாம படிச்சா படிச்ச மாதிரியே இல்லீங்க்கா," என்றான். "அவரோட மூணு வருஷம் வேலை பாத்தேன். ஒரு நாள்கூடச் சண்டை போடலை."

"போன் போட்டுப் பேசேன்."

"என்ன மூஞ்சிய வெச்சுட்டுங்க்கா பேசறது."

அவன் பேச மாட்டான் என்று தெரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செங்காங் போனேன். ஜெரார்ட் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தார். புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். வேலை தேடுகிறாரா என்று கேட்டேன். தேடுவதாகச் சொன்னார், தேடுகிற முகம் அது இல்லை. நாளெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "காலையில புங்கோல் வரைக்கும் நடக்கிறேன்" என்றார். மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. எச்ஆர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"ரித்திக் உங்க கோட் எல்லாம் படிக்கிறான்," என்றேன்.

அவர் குவளையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். "எங்கேயாவது மாத்துறானா?"

"மாத்தலை. படிக்கிறான். முதல்லேருந்து, ஒரு வரி விடாம. கேள்வி கேள்வியா எழுதி வச்சிருக்கான்."

"யார்கிட்ட கேக்கறான்?"

"உங்ககிட்டதான். உங்க பேருக்குத்தான் எழுதுறான்."

அவர் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே ஒரு குடும்பம் ரொட்டிப் பராட்டாவுக்குக் காத்துக்கொண்டிருந்தது. "நல்லா இருக்குன்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். அதற்கு நான் சொல்லப்போகும் பதிலில்தான் அவருக்கு எல்லாம் இருந்தது என்று எனக்குப் புரிந்தது.

"ஒரு இடத்துல சொதப்பிட்டீங்கன்னு எழுதியிருக்கான். ஒத்துக்க மாட்டானாம்."

ஜெரார்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எந்த இடம்?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"சொல்ல வேணாம். லீவு நாள் கணக்கா? அதுவா இருக்காது, அது சரியாத்தான் இருக்கு. அப்ப ரூட் பிரிக்கிற இடம். அங்கதான் நிப்பான். அவன் நினைக்கிறது எனக்குத் தெரியும், ஒரே புளோக்குல இருக்கிறவங்களை ஒண்ணாச் சேர்த்தா நேரம் மிச்சம்னு பார்ப்பான். அது தப்பு ரித்திக். உப்பு குறைஞ்ச சாப்பாடு வேற பையில வருது, சேர்த்தா பை மாறிடும்."

என்னை ரித்திக் என்று கூப்பிட்டது அவருக்குத் தெரியவில்லை. மேசை மேல் விரலால் கோடு கிழித்து, அவன் கேட்டிருக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனார். இடையிடையே அவன் மறுத்துப் பேசுவதாக வைத்துக்கொண்டு அதற்கும் பதில் சொன்னார். ஒரு இடத்தில் நிறுத்தி, "ஆமா, அங்க நான் சொதப்பினேன்தான்" என்று ஒத்துக்கொண்டார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியையும் கொண்டுபோய் அவனிடம் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை. கோப்பி ஆறிப்போயிருந்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது எதிரே உட்கார்ந்திருப்பது நான்தான் என்று ஞாபகம் வந்தவர் போலப் பார்த்தார், கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், எழுந்திருக்கப் போனார்.

"பை ஏன் மாறும்?" என்று கேட்டேன். "எனக்குப் புரியலை. உட்காருங்க, விளக்கிச் சொல்லுங்க."